சாதாரண வாரத்தின் கணக்கைப் போடுங்கள்

வாசகர் கேள்வி:

தஞ்சாவூர் பக்கம் ஒரு நகராட்சி எங்கள் ஊர். 1984ல் அப்பா கட்டிய தியேட்டர் இன்றும் ஓடுகிறது. கீழே 440, பால்கனியில் 180 என்று மொத்தம் 620 இருக்கைகள், ஏசி உண்டு. பண்டிகைப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. மற்ற நாட்களில் காட்சிக்கு 60, 70 பேர்தான். அப்பாவுக்கு 72 வயது, முன்போல் முடியவில்லை. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். ஒருவர் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு 10 வருடக் குத்தகை கேட்கிறார். மாமா, இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டச் சொல்கிறார். எனக்கோ 3 கோடி கடன் வாங்கி இரண்டு ஸ்கிரீனாக்கி, சாய்வு இருக்கை, லேசர் புரொஜெக்டர், அட்மாஸ் ஒலி எல்லாம் போட ஆசை. எது சரி? வரவு செலவு விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

விவரங்களை ஒளிக்காமல் அனுப்பியதற்கு முதலில் நன்றி. பரம்பரைத் தியேட்டர் வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் வரும்போது பொங்கல், தீபாவளி வசூலை மட்டும் சொல்வார்கள். நீங்கள் ஆடி மாதத்து தினசரி வசூல் அறிக்கையையும் (டி.சி.ஆர்.) சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

பெரிய நட்சத்திரப் படம் வரும் வாரத்தை வைத்துத் தியேட்டரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. உங்கள் கணக்குப்படி அப்படிப்பட்ட வாரம் வருடத்துக்கு ஆறு வருகிறது. மீதி 46 வாரமும் சாதாரண வாரம். இந்த 46 தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கடன், குத்தகை, இடிப்பு எதையும் பேச முடியும்.

சரி, கணக்குக்கு வருவோம். காட்சிக்குச் சராசரியாக 65 பேர், வாரத்துக்கு 28 காட்சி, ஆக 1,820 டிக்கெட். வரி போக 110 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்துச் சொச்சம். சாதாரணப் படத்துக்கு விநியோகஸ்தரோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறீர்கள் என்பதால் உங்கள் பங்கு ஒரு லட்சம். கேண்டீனை மாதம் 25,000 ரூபாய்க்கு வெளியாளுக்கு விட்டிருக்கிறீர்கள், அது வாரத்துக்கு 5,800. விளம்பரமும் வண்டி நிறுத்தமும் சேர்ந்து 12,000. எல்லாம் சேர்த்து வரவு ஏறக்குறைய 1,18,000. செலவோ மின்சாரம், சம்பளம், டிஜிட்டல் கருவி வாடகை, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் ஐந்தரை லட்சம், அதாவது வாரத்துக்கு 1,27,000. ஆக ஒவ்வொரு சாதாரண வாரமும் 9,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பண்டிகைப் படத்தில் வரும் பணம்தான் இந்த ஓட்டையை அடைக்கிறது. அதனால்தான் அப்பாவால் இத்தனை வருடம் ஓட்ட முடிந்தது. அதனால்தான் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவும் இல்லை.

இதன் மேல் 3 கோடி கடனை ஏற்றிப் பாருங்கள். 11 விழுக்காடு வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை 5 லட்சத்துக்கு மேல் போகும். இப்போதைய மொத்தச் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். செலவு இரட்டிப்பாகும், வருகிற கூட்டம் இரட்டிப்பாகாது. எவ்வளவு நல்ல நாற்காலி போட்டாலும் ஆகாது. ஆகவே 3 கோடித் திட்டம் வேண்டாம். இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்காகத் தியேட்டர் தேறாது என்று நினைத்துவிடாதீர்கள். சின்னச் செலவில் சரிசெய்யக்கூடிய இடங்கள் உங்கள் தாளிலேயே தெரிகின்றன. அதில் முதலாவது கேண்டீன்.

நாட்டின் மிகப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனமான பிவிஆர் ஐநாக்ஸின் 2023-24 கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 259 ரூபாய். அதே ஆள் உணவுக்குச் செலவழித்த சராசரி 132 ரூபாய், டிக்கெட்டில் பாதி! டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ படக்காரருக்குப் போய்விடும். கேண்டீன் பணத்தில் அவருக்குப் பங்கே கிடையாது. தியேட்டர்காரருக்கு முழுசாகச் சொந்தமான பெரிய வருமானம் அது ஒன்றுதான், அதைத்தான் நீங்கள் மாத வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஊரில் ஆளுக்கு 132 ரூபாய் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. 30 ரூபாய் என்று வையுங்கள். சரக்கு விலை போக 20 நிற்கும். 1,820 பேருக்கு வாரம் 36,400. கூடுதலாக இரண்டு ஆள் சம்பளம் வாரத்துக்கு 7,000. இப்போது வரும் 5,800 வாடகை நின்றுபோனாலும், இதை மட்டும் மாற்றினால் 9,000 நட்டம் இருந்த இடத்தில் 14,500 லாபம் நிற்கிறது. பெரிய படம் வரும் வாரத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த வாரம் 9,000 டிக்கெட் விற்கிறது, விநியோகஸ்தர் 70 விழுக்காடு எடுத்துக்கொள்கிறார், டிக்கெட்டில் உங்களுக்கு வருவது 3 லட்சம். கேண்டீனில் அதே 9,000 பேரிடமிருந்து 1,80,000 வந்திருக்க வேண்டும். இத்தனை வருடமும் அது கேண்டீன்காரருக்குப் போயிருக்கிறது.

நடத்தும்போது சிலவற்றில் கண்டிப்பாக இருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் தியேட்டர் பெயரில் இருக்கட்டும். பாட்டில், பாக்கெட் எதையும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்காதீர்கள். ஒரே பொருளுக்குத் தியேட்டரில் ஒரு எம்.ஆர்.பி., கடையில் ஒரு எம்.ஆர்.பி. என்பது 2018 ஜனவரி முதல் செல்லாது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. அதே தீர்ப்பில், நல்ல குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் குடிநீர்க் குழாயை வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். தண்ணீருக்குக் காசு கேட்காத தியேட்டர் என்று ஊரில் பேர் எடுப்பது லேசான விஷயம் இல்லை. அப்புறம், இடைவேளை 15 நிமிடம்தான். ஒரே கவுண்டரில் 300 பேர் நின்றால் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். பண்டிகை வாரத்தில் பால்கனிப் படிக்கட்டு அருகே இன்னொரு மேசையும் போடுங்கள். சமோசா, டீ, பாப்கார்ன், சூடாக, சுத்தமாக இருந்தால் போதும்.

அடுத்தது டிக்கெட் விலை. 110 ரூபாய் என்று வைத்திருப்பது இப்போது தவறான இடத்தில் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18. உள்ளாட்சி கேளிக்கை வரியைத் தனியே வைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் 110 ரூபாய் டிக்கெட்டுக்கு ரசிகர் 129 ரூபாய் 80 காசு கொடுக்கிறார். 100 ரூபாயாக்கினால் 105 கொடுத்தால் போதும். நீங்களும் விநியோகஸ்தரும் ஆளுக்கு 5 ரூபாய் விடுகிறீர்கள், ரசிகருக்கு ஏறக்குறைய 25 ரூபாய் மிச்சம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது 100 ரூபாய். உங்களுக்கு வாரத்துக்கு 9,100 குறையும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் டிக்கெட் பங்கு 50, கேண்டீன் 20 என்று 70 ரூபாய் கிடைப்பதால், காட்சிக்கு ஐந்து பேர் கூடினாலே அந்தக் குறை நேராகிவிடும். 65 என்பது 70 ஆக வேண்டும், அவ்வளவுதான். சாதாரணப் படங்களுக்கு விநியோகஸ்தரும் ஒப்புக்கொள்வார். காலியான நாற்காலியால் அவருக்கும் பயன் இல்லை.

மூன்றாவது, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒன்று: இணையத்தில் உங்கள் தியேட்டரைப் பற்றி "படம் இருட்டாக இருக்கு" என்று எழுதுகிறார்களாம். இது சின்னப் புகார் இல்லை. வீட்டில் பெரிய டிவியில் பளிச்சென்று பார்த்துப் பழகியவர் 130 ரூபாய் கொடுத்து மங்கலான படத்தை ஏன் பார்க்க வேண்டும்? திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள அளவு. அதை அளக்கும் மீட்டர் இருக்கிறது. கருவி கொடுத்த நிறுவனத்தின் டெக்னீஷியனை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள், எண்ணை எழுதி வாங்குங்கள். புரொஜெக்டரில் இருக்கும் செனான் பல்பு தேயத் தேய வெளிச்சம் இறங்கிக்கொண்டே வரும். தினமும் புரொஜெக்டர் கேபினில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. காசை மிச்சம் பிடிக்க, குறித்த மணி நேரத்தைத் தாண்டியும் பல்பை ஓட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே அழுத்தத்தில் வாயு இருப்பதால் அது வெடிக்கவும் கூடும், வெடித்தால் கருவிக்குள் இருக்கும் கண்ணாடியும் போகும், அன்றைய காட்சியும் போகும். முதலில் பல்பு, பிறகு கேபின் ஜன்னல் கண்ணாடியின் தூசு, பிறகு திரையின் அழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பல இடங்கள் புதுத் தியேட்டர் போலாகிவிடும். லேசர் நல்லதுதான், 20,000 மணி நேரம் வரை பல்பு கவலை இல்லை. அது இரண்டாம் வருடத்துச் செலவாக இருக்கட்டும்.

கழிப்பறையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் கழிப்பறை சுத்தமாக இல்லாத தியேட்டருக்குக் குடும்பம் இரண்டாவது முறை வராது. ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்பும் பின்பும் கழுவ ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

மின்கட்டணத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. உங்கள் ஒப்பந்த மின்தேவை 150 கேவிஏ. ரசீதுகளில் பதிவான உச்சத் தேவை எந்த மாதமும் 95ஐத் தாண்டவில்லை. உயர் அழுத்த இணைப்புக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத் தேவையில் 90 விழுக்காட்டுக்கு நிலைக்கட்டணம் போடுவார்கள். அதாவது 135 கேவிஏவுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய ஏசி இயந்திரம் இருந்த காலத்தில் வாங்கிய அளவு அப்படியே நிற்கிறது போலிருக்கிறது. கோடை மாதத்தின் உச்சத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுக் குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள்.

இனி, இரண்டு ஸ்கிரீன் ஆசை. ஆசை சரியானது, அளவுதான் தவறு. ஏன் சரி என்று சொல்கிறேன். பெரிய அரங்கங்கள் எல்லாம் ஒரு படம் ஊரில் 100 நாள் ஓடிய காலத்துக்குக் கட்டியவை. மதுரையில் 1952ல் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேல் இருக்கைகள் இருந்தன. அன்றைக்கு அவ்வளவு தேவைப்பட்டது. இன்றைக்குப் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடுகின்றன. அதை எட்டு வாரமாக்கச் சொல்லித் தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு படத்தின் உயிர் பத்து நாளில் முடிந்துவிடும்போது, திங்கட்கிழமைக் காலைக் காட்சிக்கு 620 நாற்காலியைக் குளிரவைப்பது வீண். அதைவிட முக்கியம், ஒரே ஸ்கிரீன் இருப்பவருக்குப் பேரம் பேச இடமில்லை. பெரிய படத்தை எடுத்தால் எல்லாக் காட்சியும் அதற்கே கொடு, இரண்டு வாரம் ஓட்டு என்பார்கள். படம் மூன்றாம் நாளே படுத்துவிட்டாலும் அடுத்த தெருவில் பேசப்படும் சின்னப் படத்தை நீங்கள் போட முடியாது. இரண்டாவது ஸ்கிரீன் இருந்தால் இறங்கிய படத்தை அங்கே நகர்த்தலாம், ஏறுகிற படத்தைப் பெரிய அரங்குக்குக் கொண்டுவரலாம். வருடத்துக்கு 200க்கு மேல் தமிழ்ப் படம் வருகிறது. உங்களிடம் படப்பஞ்சம் இல்லை, இடப்பஞ்சம்தான்.

அதற்கு இடிக்க வேண்டியதில்லை. 180 இருக்கை பால்கனியைச் சுவர் வைத்துப் பிரித்துத் தனி ஸ்கிரீனாக்கும் வழியைப் பாருங்கள். பழைய அரங்கங்கள் பலவற்றில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் காட்சிக்கு 50 பேர் என்று வைத்தால், டிக்கெட் 100 ரூபாய்க் கணக்கில் பங்கு 70,000, கேண்டீன் 28,000, கூடுதல் செலவு 40,000 போக வாரத்துக்கு 58,000. மாதம் இரண்டரை லட்சம். ஆனால் அந்த 50 பேரில் ஒரு பகுதி கீழ் அரங்கிலிருந்து பிரிந்து வந்தவர்களாக இருப்பார்கள், எனவே பாதியை மட்டும் நம்புங்கள். ஒன்றேகால் லட்சம் தவணை தாங்கும் என்றால், அதே வட்டிக்கு ஏழு வருடத்தில் கடன் அளவு 73 லட்சம். இதுதான் உங்கள் வரம்பு. பொறியாளர் மதிப்பீடு அதற்குள் வந்தால் செய்யுங்கள், தாண்டினால் காத்திருங்கள். சாய்வு இருக்கை பிறகு வரட்டும்.

பிரிக்கும் முன் வழிகளைப் பார்க்க வேண்டும். பால்கனிக்குத் தனியாக இரண்டு வெளியேறும் வழி இருக்கிறதா? 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கை போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்ததால் புகையில் சிக்கியவர்களால் வெளியே வர முடியவில்லை. நாலு டிக்கெட்டுக்காக ஒரு வழியையும் அடைக்கக் கூடாது, பண்டிகை நாளில் வழியில் நாற்காலி போடுவதும் கூடாது. கட்டட உறுதிக்குப் பொதுப்பணித்துறை, தீயணைப்புத்துறை, மின் ஆய்வாளர் என்று எல்லாச் சான்றும் வாங்கி, தியேட்டர் நடத்த ஆட்சியர் தரும் சி ஃபார்ம் உரிமத்தில் மாற்றம் வந்த பிறகுதான் காட்சி. ஆட்சியர் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிட்டுச் செங்கல் வாங்குங்கள்.

கடன் வாங்கும் முன் மூன்று மாதச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி தாண்டியும் புதுத் தமிழ்ப் படமே வரவில்லை, தயாரிப்பாளர்களுக்கும் டிஜிட்டல் நிறுவனங்களுக்கும் கட்டணத் தகராறு. 2020ல் மார்ச்சில் மூடிய அரங்கங்கள் நவம்பர் 10 அன்றுதான் திறந்தன. இரண்டு முறையும் கடன் வட்டி மட்டும் நிற்கவில்லை.

கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். முகூர்த்த நாளை நம்பும் தொழில் அது. உங்கள் ஊரில் ஏற்கெனவே நான்கு மண்டபம் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடித்தால் தியேட்டர் உரிமம் திரும்பி வருவது கடினம். மாமாவுக்கு இப்போதைக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

குத்தகையை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். நான் சொன்ன மாற்றங்களோடு நீங்களே நடத்தினால், சாதாரண வாரங்களில் மொத்தம் மூன்று முதல் ஆறு லட்சம், ஆறு பெரிய வாரங்களில் 20 லட்சம் என்று வருடத்துக்கு 24 லட்சம் சுற்றி நிற்கும். குத்தகை தருவது 18 லட்சம், தலைவலி இல்லாமல். வித்தியாசம் 6 லட்சம்தான். அந்த 6 லட்சமும் அடுத்த வளர்ச்சியும் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு: வீட்டு ஆள் ஒருவர் தியேட்டரில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் படம் வியாழன் இரவுவரை பேரத்தில் இருக்கும், படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி நள்ளிரவில் வரும், கேண்டீன் கல்லாவை அன்றன்றே எண்ண வேண்டும். பெங்களூரிலிருந்து போனில் இதைச் செய்ய முடியாது. அப்பா தலையில் மறுபடி சுமத்துவதும் நியாயம் இல்லை.

ஆகவே நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு வருடம் ஊருக்கு வந்து நடத்திப் பார்க்க முடியுமானால் வாருங்கள். கேண்டீன், விலை, வெளிச்சம், மின்சாரம் நான்கையும் முதல் வருடம், பால்கனியை அடுத்த வருடம். வர முடியாது என்றால் குத்தகைக்குக் கொடுங்கள், ஆனால் 10 வருடம் வேண்டாம். மூன்று வருடம், வருடாவருடம் வாடகை உயர்வு, பதிவு செய்த பத்திரம். உரிமம் அப்பா பெயரில் இருக்கும்வரை விபத்தோ விதிமீறலோ நடந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். ஆகவே காப்பீடு, தீத்தடுப்பு, இருக்கை எண்ணிக்கை மூன்றையும் மாதம் ஒருமுறை நீங்கள் அனுப்பும் ஆள் சோதிக்கலாம் என்ற நிபந்தனை இருக்கட்டும். விநியோகஸ்தர்களுக்கு அவர் வைக்கும் பாக்கி எதுவும் தியேட்டரைச் சேராது என்றும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், குத்தகைக்காரர் போன பிறகு பழைய பாக்கியைக் காட்டி உங்களுக்குப் படம் தர மறுப்பார்கள்.

குத்தகை கேட்பவரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் வெளிச்ச அளவு, கோடை மாத மின்ரசீது, பால்கனி மதிப்பீடு மூன்றையும் அனுப்பினால், தொகையைத் திருத்தி மறுபடி எழுதுகிறேன்.